மீண்டும் மீண்டும் விழுந்த விசை

நம் இல்லத்துச் சமையற்கட்டின் தென்சுவரில், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அந்தச் சிறு பொருள் நம் குடும்பத்தார் அனைவரின் நிம்மதியையும் கெடுத்து வைத்திருந்தது. அதில் கெட்டிலைச் செருகிச் சுவிட்சைத் தட்டினால் போதும். முன்கட்டில் உள்ள பெட்டியில் 'டக்' என்றொரு ஓசை எழும். வீடு முழுவதும் இருளில் மூழ்கும். கெட்டிலுக்குப் பதில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினாலும் அதே கதிதான். சில வேளைகளில் எவரும் எதனையும் தொடாமலேயே விசை விழுந்துவிடும்.

வாசகர்களுள் பலர் இத்தொல்லையை அறிந்திருக்கக்கூடும். விசை விழுவதும், ஒருவர் எழுந்து சென்று அதனைத் தூக்கி விடுவதும், மீண்டும் அது விழுவதும் நம் வீட்டில் அன்றாட நிகழ்ச்சிகளாகிவிட்டன. தொல்லை தீர்ந்த கதை சிறிது. அதனைத் தீர்க்கும் முன்பு நாம் செய்யத் துணிந்த தவறு பெரிது. அதனைச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

நம் ஊர் காயல்பட்டினம். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் இங்குக் கொட்டித் தீர்த்த மழையை நாடே அறியும். 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! ஓராண்டு முழுவதும் இப்பகுதி பெறுகின்ற மழையினும் அது மிகுதி. அன்று நம் வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. முழங்காலளவு நீரில் அந்தப் பிளக் பாயிண்டும், தரையில் இருந்த உம்மாவின் கிரைண்டரும் மூழ்கிக் கிடந்தன. நீர் வடிந்தபின் சுவர்களைக் காயவிட்டோம். பொருள்களை வெயிலில் வைத்தோம். இரண்டு மாதங்கள் கழித்து ஒயரிங் வேலையை ஓரளவு புதுப்பித்தபோதுதான், மீட்டருக்கு அடுத்ததாக அந்தப் புதிய விசையைப் பொருத்தினார்கள். ஆர்.சி.சி.பி. என்பது அதன் சரியான பெயர். ஒயர்மேன்கள் பழைய வழக்கப்படி இ.எல்.சி.பி. என்கிறார்கள். உம்மாவுக்கு அது 'அந்தப் பெட்டி'. கோடை முழுவதும் அது வாய் திறவாமல் இருந்தது. அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் தன் வேலையைக் காட்டத் தொடங்கியது.

முதலில் கெட்டிலின் மீது பழியைப் போட்டோம். புதிய கெட்டில் வந்தது, விசை விழுந்தது. பிறகு குளியலறைக் கீசரின் மீது ஐயம் எழுந்தது. ஏனெனில் அதனைப் போட்டாலும் சில நாட்களில் விசை விழுந்தது. அதனைக் கழற்றிக் கடைக்கு அனுப்பினோம். பழுது எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நம் தெருவுக்கு வழக்கமாக வருகின்ற இளைஞரான ஒயர்மேன் வந்து, பிளக் பாயிண்டின் முகத்தைக் கழற்றிப் புதியதொன்றை மாட்டினார். இரண்டு நாள் அமைதி, மூன்றாம் நாள் மழை, மீண்டும் இருள். இறுதியில் அந்தப் பிளக்குக்குரிய எம்.சி.பி.யையே அணைத்து வைத்துப் பார்த்தோம். அப்போதும் கீசரைப் போட்டால் விசை விழுந்தது! குற்றவாளியைச் சிறையில் அடைத்த பின்னும் திருட்டு தொடர்ந்தால் என்னதான் செய்வது?

"காக்கா, ஒயரிங்கில் கோளாறு இல்லை. இந்தப் பெட்டிதான் தொட்டாற்சுருங்கியாக இருக்கிறது. கழற்றிவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடுகிறேன். எத்தனையோ வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது" என்றார் அந்த இளைஞர்.

நாம் உடனே உடன்பட்டுவிட்டோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அதற்கு முந்தைய நாள் விடியற்காலையில் ஒளுச் செய்வதற்காக எழுந்த உம்மா, இரண்டாம் கட்டின் படியில் கால் வைத்த வேளையில் விளக்கு அணைந்துவிட்டது. எண்பதைக் கடந்தவர். தூணைப் பற்றிக்கொண்டதால் விழாமல் தப்பினார். "உயிரைக் காக்க வந்த பெட்டியா, வாங்க வந்த பெட்டியா?" என்று அவர் கேட்டபோது நம்மிடம் மறுமொழி இல்லை. மறுநாள் மாலை வந்து கழற்றிவிடுமாறு அந்த இளைஞரிடம் சொல்லியனுப்பினோம்.

மறுநாள் பிற்பகல் கொல்லைப்புறம் சென்றோம். மழைக்கு முன் துணிகளை எடுக்க வேண்டியிருந்தது. நம் வீட்டில் துணி காய்வது தேங்காய் நார்க்கயிற்றில். எல்லா வீடுகளிலும் கம்பிக் கொடி இருக்க, நம் வீட்டில் மட்டும் 43 ஆண்டுகளாகக் கயிறுதான். கொல்லைக் குளியலறைச் சுவரில் பழைய இரும்பு வளையம் ஒன்று துருவேறி இன்னும் நிற்கிறது. அதில் ஒரு காலத்தில் கம்பி கட்டப்பட்டிருந்தது.

1981 இல் நமக்கு வயது 14. நம் தங்கைக்கு 9. குளியலறை வாசல் விளக்கைத் தாங்கும் இரும்புத் தண்டில்தான் கொடிக்கம்பியின் ஒரு முனை கட்டப்பட்டிருந்தது. தண்டுக்குள் ஓடிய ஒயரின் உறை எப்போது தேய்ந்ததோ, எவரும் அறியார். ஈரத் தாவணியைப் போடுவதற்காக ஈரத்தரையில் நின்று அவள் கம்பியைத் தொட்டாள். வீட்டில் ஒரு விளக்கும் அணையவில்லை. மின்விசிறிகள் சுழன்றுகொண்டே இருந்தன. பியூஸ் போகவில்லை. அதனாலேயே நெடுநேரம் எவருக்கும் தெரியவில்லை. அன்று மாலையே வாப்பா கம்பியை அறுத்தெறிந்து கயிற்றைக் கட்டினார்கள். அதன்பின் அந்நிகழ்ச்சியை நம் வீட்டில் எவரும் பேசியதில்லை.

வளையத்தைப் பார்த்தபடி நின்றபோது ஓர் எண்ணம் உறைத்தது. அன்று அணையாத விளக்கு நம் தங்கையைக் கொன்றது. இன்று விளக்கு அணைகிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். அந்தப் பெட்டி எதனைக் கண்டு விழுகிறது என்பதை அறியாமலே அதனைக் கழற்றப் புறப்பட்டோமே!

உள்ளே வந்ததும் அந்த இளைஞருக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறுமுகநேரியில் வசிக்கும் முதிய ஒயர்மேன் ஒருவரை வரவழைத்தோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையால் சுற்றும் பழைய மெக்கர் ஒன்றை இன்னும் வைத்திருப்பவர். அவர் வந்ததும் கருவியை எடுக்கவில்லை, கேள்விகளைத்தான் எடுத்தார்.

"விழுவது எது ஐயா? சிறிய எம்.சி.பி.யா, இந்தப் பெரியதா?" என்பது முதற்கேள்வி. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதான் நாம் செம்மையாக அறிந்தோம். எம்.சி.பி. என்பது பழைய பியூஸின் வழித்தோன்றல். ஒயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அதனுள் இருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து விசையைத் தள்ளும். ஒயரோடு ஒயர் நேராக முட்டிக்கொண்டால் காந்தச் சுருள் நொடிப்பொழுதில் இழுத்துவிடும். அது காப்பது ஒயரை, ஆளை அன்று. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியர் வரை தாராளமாக விடும். ஓர் உயிரைப் போக்குவதற்கோ ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். நம் தங்கையின் உடல் வழியே பாய்ந்தது அந்தப் பழைய பியூஸுக்கு ஒரு சிறு பல்பின் கணக்காகத்தான் தெரிந்திருக்கும்.

ஆர்.சி.சி.பி.யின் கணக்கு வேறு. அது எவ்வளவு ஓடுகிறது என்று பார்ப்பதில்லை. போனது திரும்பி வந்ததா என்றே பார்க்கிறது. ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டு ஒயர்களும் அதனுள் ஒரு காந்த வளையத்தினூடே செல்கின்றன. ஒன்றில் போவதும் மற்றொன்றில் வருவதும் சமமாக இருக்கும்வரை வளையம் உறங்கும். இடையில் எங்கேனும் ஒரு பகுதி மண்ணுக்குக் கசிந்தால் சமநிலை குலையும், விசை விழும். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. அந்த அளவுக் கசிவுக்கு 0.3 நொடிக்குள் விழ வேண்டும் என்பது விதி. அளவில் பாதியாகிய 15 மில்லி ஆம்பியருக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்ல்ஸ் டால்சீல் என்பவர், தாமே முன்வந்தோரைக் கொண்டு மின்சாரத்தைப் பற்றிய கையை விலக்க முடியாமற்போகும் அளவை ஆராய்ந்தார். சராசரியாக ஆடவர்க்கு 16 மில்லி ஆம்பியர், பெண்டிர்க்கு 10.5 என்று கண்டார். இத்தகைய கசிவுக் காப்பு விசை ஒன்றை அவர் உருவாக்கியது 1961 இல். நம் தங்கை மறைந்தபோது அதற்கு 20 வயது ஆகியிருந்தது. அது நம் வீட்டை வந்தடையத்தான் இன்னும் 43 ஆண்டுகள் பிடித்தன.

"எப்போதெல்லாம் விழுகிறது?" என்பது பெரியவரின் இரண்டாம் கேள்வி. நல்லவேளையாக நாம் ஒரு நோட்டில் நேரங்களைக் குறித்து வைத்திருந்தோம். 19 நாட்களில் 11 முறை. அவற்றுள் 8 விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் இடையில். எல்லாம் மழை நாட்கள் அல்லது மழைக்கு மறுநாட்கள். அதனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இது ஃபேஸ் கசிவு இல்லை ஐயா. நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொடுகிறது" என்றார்.

பெரிய விசையை அணைத்தார். எல்லாப் பிளக்குகளையும் உருவச் செய்தார். அந்நிலையில் வீட்டின் நியூட்ரல் ஒயர்களுக்கும் எர்த்துக்கும் எவ்விதத் தொடர்பும் இருத்தலாகாது. மெக்கரைச் சுற்றினார், முள் சுழியில் படுத்தது. தொடர்பு இருக்கிறது! பின்னர் நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாக விடுவித்துச் சோதித்தார். நான்காவது ஒயர்தான் குற்றவாளி. அது சமையற்கட்டுப் பிளக்கின் ஒயர். முகத்தை மட்டும் மாற்றிய இளைஞர் பார்க்காத இடத்தில், சுவருக்குள் புதைந்திருந்த இரும்புப் பெட்டியில், ஒயரின் உறையை ஒரு திருகாணி கீறியிருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய பெட்டி உப்புக் காற்றில் துருவேறிப் பொருக்குத் தட்டி, அந்தக் கீறலில் தெரிந்த செம்பை நெருக்கிக்கொண்டிருந்தது.

இப்போது புதிர்கள் யாவும் அவிழ்ந்தன. எம்.சி.பி.யை அணைத்தும் ஏன் விழுந்தது? நம் வீட்டு எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிப்பது. நியூட்ரல் எப்போதும் இணைந்தே கிடந்தது. குற்றமற்ற கெட்டிலும் கீசரும் ஏன் பழி சுமந்தன? 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கிறது. அவ்வளவும் நியூட்ரல் வழியே திரும்புகையில் அதில் இரண்டொரு வோல்ட் ஏறும். அது போதும், ஒரு பகுதி எர்த் வழியே குறுக்குப் பாதை தேடிச் செல்வதற்கு. விளக்கும் விசிறியும் சிறிதளவே இழுப்பதால் அவற்றால் கேடில்லை. எவரும் தொடாதபோது விடியலில் விழுந்தது எவ்வாறு? தெருவெல்லாம் மோட்டார்களும் கீசர்களும் ஓடும் வேளை அது. கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் பலருக்கும் பொது. அடுத்தவர் ஏற்றிய சுமையும் அதில் வோல்ட்டாக ஏறும். மழையில் மட்டும் விழுந்த காரணம் கொல்லையிலுள்ள எர்த் குழி. கோடையில் மணல் காய்ந்து கசிவுக்கு வழி மறுத்தது. மழையில் நனைந்து தாராளமாக வழி விட்டது.

பழைய இரும்புப் பெட்டியை அகற்றி, பிளாஸ்டிக் பெட்டி வைத்து, புதிய ஒயர் இழுத்தார். கீசர், கெட்டில், இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஒருசேரப் போட்டோம். பெட்டி அசையவில்லை. கதை இத்துடன் முடிந்தது என்று எண்ணிக் கூலியைக் கையில் எடுத்தோம்.

பெரியவர் கூலியை வாங்கவில்லை. "வீட்டில் எந்தப் பொருளாவது லேசாக ஷாக் அடிக்கிறதா?" என்று கேட்டார். இல்லை என்றோம். உள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது: "கிரைண்டர் மட்டும் மழை நாளில் விறுவிறு என்கும். அதற்குத்தான் பலகையில் ஏறி நின்றுகொள்கிறேனே!"

நாம் திகைத்துப் போனோம். சமையற்கட்டில் ஒரு மரப்பலகை கிடப்பதைப் பல மாதங்களாகப் பார்த்திருக்கிறோம். மாவு அரைக்கும்போது உயரம் போதவில்லை என்று நினைத்திருந்தோம். கேட்டதில்லை. பெரியவர் கிரைண்டரின் பிளக்கைக் கையில் எடுத்தார். மூன்று முள்ளில் எர்த் முள் ஒடிந்து போயிருந்தது. புதிய பிளக்கை மாட்டி, எர்த் ஒயரைச் சேர்த்து, சுவிட்சைப் போட்டார். 'டக்' என்று பெரிய விசை விழுந்தது. வெள்ளத்தில் ஊறிய மோட்டாரின் சுருளிலிருந்து ஃபேஸ், கிரைண்டரின் உடம்புக்குக் கசிந்துகொண்டிருந்தது. எர்த் இல்லாததால் அந்தக் கசிவு வெளியேற வழியின்றிக் காத்திருந்தது. உம்மா தொட்டபோது அவர் வழியேதான் ஓடியது. பலகையின் தடையினால் அது விறுவிறுப்போடு நின்றது. பெட்டியை விழச் செய்யும் அளவை எட்டவில்லை. பலகை நனைந்திருந்தால், அல்லது மறு கை குழாயைப் பற்றியிருந்தால், அளவு ஒரு நொடியில் ஏறியிருக்கும். அந்த நொடியில் விழுவதற்கு ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டியைத்தான் அன்று மாலை கழற்றுவதாக இருந்தோம்.

பெரியவர் போகும்போது சில சொற்கள் சொன்னார். வாசகர்களுக்கும் அவை பயன்படும். விழுவது எம்.சி.பி.யானால் சுமையைக் குறைத்துப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யானால் கசிவைத் தேடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்குகளை உருவிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். எல்லாம் உருவிய பின்னும் விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. அது தெரிந்தவர் திறக்க வேண்டிய இடம். விழுந்த நேரத்தையும் வானிலையையும் எழுதி வையுங்கள். எர்த் முள்ளை ஒடிக்காதீர்கள். பெட்டியிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழாவிட்டால் பெட்டியை மாற்றுங்கள். அந்தப் பொத்தான் பெட்டி உயிரோடிருப்பதை மட்டுமே சொல்லும். எர்த் நன்றாயிருப்பதைச் சொல்லாது. ஒரு கையால் ஃபேஸையும் மறுகையால் நியூட்ரலையும் பிடிப்பவனை எந்தப் பெட்டியாலும் காக்க இயலாது. எத்தனை முறை விழுந்தாலும் காரணம் காணாமல் டைரக்டாகக் கொடுக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அன்றிரவு உம்மாவின் அருகில் அமர்ந்து அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதை விளக்கினோம். போவதும் வருவதும் சமமா என்று பார்க்கும் கணக்குப்பிள்ளை என்று சொன்னோம். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்த உம்மா, 43 ஆண்டுகளில் முதன்முறையாகத் தங்கையின் பெயரைச் சொல்லி, "அன்றைக்கு இது இருந்திருந்தால்?" என்று கேட்டார்.

பொய் சொல்லவும் மனம் வரவில்லை; மெய்யை முழுதாகச் சொல்லவும் துணிவில்லை. "சுரீர் என்று அடித்திருக்கும். அலறிக்கொண்டு ஓடி வந்திருப்பாள். வீடு இருட்டாகியிருக்கும்" என்றோம். உம்மா தலையசைத்தார். அதன்பின் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

கிரைண்டரைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கினோம். மரப்பலகை இப்போது கொல்லையில் துவைகல்லுக்கு அருகில் கிடக்கிறது. படியருகே ஒரு சிறு பேட்டரி விளக்கும் வைத்தாயிற்று. அந்தப் பெட்டியை உம்மா இப்போது ஏசுவதில்லை. மாதம் பிறந்ததும், "பொத்தானை அமுக்கிப் பார்த்தாயா?" என்று அவரே நினைவூட்டுகிறார். அமுக்குகிறோம். 'டக்' என்கிறது, விசிறி ஓய்கிறது, வீடு இருள்கிறது. "விழுந்துவிட்டது, நல்லது" என்று உம்மா சொன்ன பிறகுதான் அதனைத் தூக்கி விடுகிறோம்.